உயர்ந்தால் மட்டும் போதுமா?

குன்ஸும் கணவாயின் உயரம் ஏறத்தாழ 15,000 அடி. அங்கிருந்து சந்திரா நதிக்கரையிலுள்ள பாத்தலுக்கு இறங்கும் தடத்தை 2022-ஆம் ஆண்டுக் கோடையில் நாங்கள் கண்டபோது, அதைச் சாலை என்று அழைப்பதே ஒரு மரியாதைக்காகத்தான் என்று தோன்றியது. கொண்டை ஊசிபோல் வளைந்து வளைந்து இறங்கும் கல்லும் புழுதியும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். காஜாவிலிருந்து மனாலிக்குத் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் வண்டியின் பிரேக் பெடல், அந்த இறக்கத்தின் நடுவில் தரைவரை அமிழ்ந்துவிட்டது.

வண்டி சாமானிய வண்டியன்று. மூன்று வரிசை இருக்கைகளும், தோலுறையிட்ட மெத்தைகளும், இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட பெரிய எஸ்.யு.வி. என் வகுப்புத் தோழனின் பெரியப்பாவுக்குச் சொந்தமானது. மலைப்பாதைக்கு ஏற்றதாக ஆக்கவேண்டும் என்று, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்புதான் நகரத்துப் பட்டறை ஒன்றில் சில லட்சம் ரூபாய் செலவிட்டு அதைத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கி நிறுத்தியிருந்தார். பார்த்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். நாங்களும் ஏணியில் ஏறுவதுபோல் ஏறி உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டோம்.

ஓட்டுநர் மண்டி மாவட்டத்துக்காரர்; ஐம்பது வயதைக் கடந்தவர். பெடல் அமிழ்ந்ததும் அவர் வாய் திறக்கவில்லை. எஞ்சினின் பிடியில் வண்டியின் வேகத்தைக் குறைத்து, எஞ்சியிருந்த முன்சக்கரப் பிரேக்கைப் பலமுறை மிதித்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியின் விலாவை உரசவிட்டு நிறுத்தினார். நாங்கள் நால்வரும் இறங்கி நின்றபோது கால்கள் நடுங்கின. அவரோ ஒரு சாக்கை விரித்து அடியில் புகுந்தார். சற்று நேரத்தில் வெளியே வந்து, கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, வண்டியை உயர்த்தினார்கள், குழாயை நீட்ட மறந்துவிட்டார்கள்.”

நடந்தது இதுதான். நீண்ட ஸ்பிரிங்கும், அதற்கேற்ற நீண்ட ஷாக் அப்சார்பரும் மாட்டியதால், பின் அச்சு முன்னைவிடக் கீழே இறங்க முடிந்தது. ஆனால் சட்டகத்திலிருந்து அந்த அச்சுக்குச் செல்லும் ரப்பர் பிரேக் குழாய் பழைய நீளத்திலேயே இருந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் குழாய் விறைத்து இழுபட்டது. நான்கு நாள் பொறுத்தது; ஐந்தாம் நாள் கிழிந்தது. யானையை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கினான் என்பார்கள். இங்கே அந்தக் குழாயின் விலை, மொத்தச் செலவில் நூறில் ஒரு பங்குகூட இராது.

நாங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தபோது காஜாவிலிருந்து வந்த இமாசலப் பிரதேச அரசுப் பேருந்து ஒன்று எங்களருகே நின்றது. பழைய பேருந்து. அடியில் வடநாட்டார் ‘கமானி’ என்று சொல்லும் பட்டை ஸ்பிரிங்குகள். உள்ளே முப்பது பேர், மேலே மூட்டைகள். பேருந்துக்காரரும் எங்கள் ஓட்டுநரும் சேர்ந்து, கிழிந்த குழாய்க்கு மேலே உள்ள இரும்புக் குழாயை மடித்து அடைத்து, பிரேக் எண்ணெய் ஊற்றி, முன்சக்கரப் பிரேக்கை மட்டும் நம்பி மெதுவாக இறங்கும்படி செய்தார்கள். பிறகு பேருந்து, எங்களுடைய கம்பீரமான வண்டியைப் பின்னே விட்டுவிட்டு, அலட்டிக்கொள்ளாமல் முன்னே சென்றது. அந்தக் காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இதை எழுதுவது அந்தப் பட்டறையைப் பழிப்பதற்காக அன்று. நம் மன்றத்தில் பொறியியல் படிக்கும் நண்பர்கள் பலர் உண்டு. விடுதித் தேநீர்க் கடையில் அமர்ந்தால், எந்த வண்டியை எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. உயரமே வீரம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. அந்த எண்ணம் தவறு என்பதே என் கட்சி. கரடுமுரடான நிலத்துக்காக ஒரு வண்டியின் சஸ்பென்ஷனை மாற்றுவது என்றால், வண்டியை வானத்துக்கு உயர்த்துவது என்று பொருளன்று. சக்கரம் நிலத்தை விட்டுப் பிரியாமல் இருக்கச் செய்வது என்றே பொருள். இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

சஸ்பென்ஷன் என்பது என்ன? சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே இருக்கும் ஸ்பிரிங்குகள், ஷாக் அப்சார்பர்கள், அச்சு, அச்சைப் பிடித்திருக்கும் கைகள், தண்டுகள் ஆகிய அனைத்தும் சேர்ந்த குடும்பம் அது. அதன் வேலை இரண்டு. உள்ளே இருப்பவரைக் குலுங்காமல் காப்பது ஒன்று. சக்கரத்தை நிலத்தோடு அழுத்தி வைத்திருப்பது மற்றொன்று. முதல் வேலையை எல்லாரும் அறிவர். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆனால் நிலத்தைத் தொடாத சக்கரம் இழுக்கவும் இழுக்காது, திருப்பவும் திருப்பாது, நிறுத்தவும் நிறுத்தாது. ஒரு சக்கரம் காற்றில் தொங்கிச் சுழன்றுகொண்டிருக்கும் படத்தை வீரச் செயல் என்று நாம் சுவரில் மாட்டுகிறோம். உண்மையில் அது ஒரு தோல்வியின் படம்.

சக்கரம் நிலத்தை விடாமல் இருக்க வேண்டுமானால், அது பள்ளத்தில் நன்றாகக் கீழே இறங்கவும், மேட்டில் நன்றாக மேலே ஏறவும் இடம் வேண்டும். ஸ்பிரிங் அதற்கு இசைந்து கொடுக்கும் மென்மை உடையதாக இருக்க வேண்டும். ஆகவே காட்டுப் பாதைக்கு வேண்டியது விறைப்பு அன்று. நீண்ட ஓட்டமும் அளவான மென்மையுமே.

இதற்குச் சரித்திரமே சான்று. 1948-இல் வெளிவந்த முதல் லேண்ட் ரோவர், பட்டை ஸ்பிரிங்குகளின்மீது அமர்ந்த உழவர் வண்டி. உறுதியானது, ஆனால் முதுகெலும்பை உலுக்குவது. அதே கம்பெனி 1970-இல் ரேஞ்ச் ரோவரை வெளியிட்டது. ஸ்பென் கிங் என்ற பொறியாளரின் தலைமையில் உருவான அந்த வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் நீண்ட ஓட்டமுடைய சுருள் ஸ்பிரிங்குகள் வைக்கப்பட்டன. நெடுஞ்சாலையில் சுகமாகச் செல்ல வேண்டும் என்பதற்காக அவை மென்மையாக இருந்தன. விந்தை என்னவென்றால், அந்த மென்மையே கரடுமுரடான நிலத்திலும் அதற்குத் துணை நின்றது. சக்கரங்கள் மேடு பள்ளங்களைத் தழுவிச் சென்றன. சொகுசும் ஆற்றலும் பகைவர்கள் அல்லர், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அந்த வண்டி உலகுக்குக் காட்டியது. இன்று சொகுசு எஸ்.யு.வி. என்று நாம் அழைக்கும் வகைக்கே அது வழிகாட்டி. அந்தப் பரம்பரையில் வந்த வண்டியை வாங்கி, அதன் மென்மையைப் பிடுங்கி எறிந்து, விறைத்த ஸ்பிரிங்கை வைத்து, ‘காட்டுக்குத் தயார்’ என்று சொல்வது எவ்வளவு பெரிய முரண்!

இனி, உயர்த்துவதால் கிடைப்பதாகச் சொல்லப்படும் நன்மைகளைத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, ‘அடியில் கல் இடிக்காது’ என்பது. பாதி உண்மை. பின்பக்கத்தில் ஒரே இரும்பு அச்சு உள்ள வண்டிகளில் நிலத்துக்கு மிக அருகில் இருப்பது எது? அச்சின் நடுவே பானைபோல் புடைத்து நிற்கும் டிஃபரென்ஷியல் கூடு. அந்த அச்சு சக்கரங்களோடு பிணைந்தது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. ஸ்பிரிங்கை நீங்கள் இரண்டு அங்குலம் உயர்த்தினால் உடல் உயரும், பயணிகள் உயர்வார்கள், பெருமை உயரும், அந்தக் கூடு மட்டும் மயிரிழைகூட உயராது. அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் கூடு ஓர் அங்குலந்தான் உயரும். எனினும், உடல் உயர்ந்தால் படிப்பலகையும் முன் பின் முனைகளும் மேட்டில் இடிப்பது குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. அதுவும் பயனே. ஆனால் சொல்லப்படும் அளவுக்கு அன்று.

இரண்டாவது, ‘ஸ்பிரிங்கின் ஓட்டம் கூடும்’ என்பது. முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் வண்டிகளில் இது பெரும்பாலும் மாயை. ஒரு கணக்கைப் பாருங்கள். சக்கரத்தின் மொத்த ஓட்டம் 9 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் நிலையிலிருந்து மேலே நாலரை, கீழே நாலரை. இந்த மொத்தத்தை நிர்ணயிப்பது ஸ்பிரிங் அன்று. கைகளின் நீளமும், மூட்டுகள் திரும்பக்கூடிய கோணமும், ஷாக் அப்சார்பரின் நீளமும். அவற்றை மாற்றாமல் ஸ்பிரிங்கால் மட்டும் இரண்டு அங்குலம் உயர்த்தினால் என்ன ஆகும்? மேலே ஆறரை, கீழே இரண்டரை. மொத்தம் அதே 9. வலது சட்டைப்பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டுக்கொண்டு, செல்வம் பெருகியது என்று மகிழ்வதற்கு ஒப்பானது இது. அதுமட்டுமா? பள்ளத்தில் இறங்க இப்பொழுது இரண்டரை அங்குலமே இருப்பதால், முன்னைவிட விரைவில் சக்கரம் நிலத்தை விட்டுவிடும். எதற்காகச் செலவிட்டோமோ அதற்கே கேடு.

அத்துடன், உடல் உயர்ந்ததும் முன்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டுகள் கீழ்நோக்கிச் சரிந்து நிற்கின்றன. அவற்றின் சி.வி. ஜாயிண்டுகள் எப்போதும் கூடிய கோணத்தில் சுழல்கின்றன. ரப்பர் உறைகள் மடிந்து உராய்ந்து கிழியும், உள்ளே மணல் புகும், மூட்டு தேயும். சக்கரத்தின் சாய்வுக் கோணங்களும் மாறுகின்றன. நேராக ஓட வேண்டிய வண்டி சாலையில் அலையத் தொடங்குகிறது. ஸ்டியரிங்கை விட்டால் தானே நடுவுக்கு வரும் பழக்கமும் குறைகிறது. இவற்றைத் திருத்தத் தனிக் கைகளும், தனிப் புஷ்களும், முறையான அளவீடும் வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட்டாக வேண்டும். சஸ்பென்ஷன் ஒரு கூட்டுக் குடும்பம் என்று நான் சொன்னதன் கருத்து இதுவே.

மூன்றாவது, ‘விறைத்த ஸ்பிரிங் பலமானது’ என்பது. ஸ்பிரிங் தன்மீதுள்ள பாரத்தால் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைக்கொண்டே, உடல் நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடும் என்று கணக்கிடலாம். 200 மில்லிமீட்டர் அமுங்கினால் நிமிடத்துக்குச் சுமார் 67 ஆட்டம். 100 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்கினால் சுமார் 95. முதலாவது தொட்டில், இரண்டாவது கட்டை வண்டி. கனத்த சாமான்களுக்காகத் தயாரித்த ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு வெறும் வண்டியை ஓட்டினால், சக்கரம் கல்லுக்குக் கல் தாவுமே தவிர நிலத்தைத் தழுவாது.

இந்த மூன்றுக்கும் அப்பால் ஒரு விலை இருக்கிறது. உடல் உயர உயர, வண்டியின் எடைமையமும் உயர்கிறது. சக்கரங்களின் இடைவெளியில் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண்ணை, வண்டி கவிழாமல் நிற்கும் திறனின் அளவாக அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை கையாள்கிறது. இடைவெளி 1,640 மில்லிமீட்டர், எடைமையத்தின் உயரம் 750 என்று கொண்டால் அந்த எண் 1.09. எடைமையம் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால் 1.03-க்கும் சற்றுக் கீழே வந்துவிடும். சிறிய வேறுபாடுதானே என்று நினைக்கலாம். வளைவில், வேகத்தில், கூரையின்மேல் கூடாரமும் தண்ணீர்ப் பீப்பாயும் கட்டியிருக்கும்போது, திடீரென்று குறுக்கே ஓடிவரும் ஆட்டுக்குட்டிக்காக ஸ்டியரிங்கை ஒடிக்கும் அந்த ஒரு நொடியில், வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நிற்பது அந்தச் சிறிய வேறுபாடுதான்.

பெரிய டயரைப் பற்றியும் ஒரு சொல். 1971 டிசம்பரில் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, 1972-இல் தென்னமெரிக்காவின் தென்கோடியை அடைந்த பிரிட்டிஷ் பயணக் குழு இரண்டு ரேஞ்ச் ரோவர்களைக் கொண்டு சென்றது. நடுவே பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையிலுள்ள டேரியன் சதுப்புக்காடு. அதற்காகப் பருத்த டயர்கள் மாட்டப்பட்டன. மிகுந்த பாரமும் ஏற்றப்பட்டது. விளைவு, டிஃபரென்ஷியலின் பற்சக்கரங்கள் உடைந்தன. டயர் தாங்கியது, அதன் கனத்தைத் திருப்ப வேண்டிய பல் தாங்கவில்லை. ஒரு பாகத்தைப் பலப்படுத்தினால், அடுத்த பாகம் அதன் பழியைச் சுமக்கிறது. மயில் இறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று பள்ளியிலேயே படித்தவர்கள் அல்லவா நாம்?

அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாதா? அப்படிச் சொல்பவன் அல்லன் நான். மாற்றலாம்; வரிசையோடு மாற்ற வேண்டும்.

முதலில் டயர். கல்லுக்கும் சேற்றுக்கும் ஏற்ற, பக்கச்சுவர் உறுதியான டயர், வண்டியின் உயரத்தில் கைவைக்காமலே பாதி வேலையை முடித்துவிடும். அடுத்து காற்று. ஜெய்சல்மேர்ப் பக்கத்து மணலில் 35 பவுண்டு காற்றோடு இறங்குபவன் புதைவான். 18-க்குக் குறைத்துக்கொள்பவன் மிதப்பான். காற்று குறைந்ததும் டயர் நிலத்தில் நீளமாகப் படிகிறது, பாரம் பரவுகிறது. காசில்லாத இந்தச் சஸ்பென்ஷன் மாற்றத்தைப்போல் பயனுள்ளது வேறில்லை. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறவாமல் காற்றை நிரப்ப வேண்டும், அவ்வளவே.

மூன்றாவது, எடை. பயணத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஏற்றி, எல்லாரையும் உட்காரவைத்து, லாரிகள் நிறுக்கும் எடைமேடையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். முன் அச்சு எவ்வளவு, பின் அச்சு எவ்வளவு என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இரும்பு முன்தடுப்பு, விஞ்ச், கூரைச் சட்டம், குளிர்பெட்டி என்று சேர்த்துக்கொண்டே போனால் நாலைந்து ஆட்களின் எடை ஓசையின்றி ஏறிவிடும். அந்த எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கைத் தேர்வதே அறிவு. பாரத்தால் அமுங்கிய உடலைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவதற்கும், பாரமே இல்லாத உடலை ஆகாயத்துக்குத் தூக்குவதற்கும் வேற்றுமை உண்டு.

நான்காவது, ஷாக் அப்சார்பர். அதன் தொழில் அதிர்ச்சியைத் தாங்குவது என்று பெயர் சொல்கிறது; உண்மையில் ஆட்டத்தை அடக்குவதே அதன் தொழில். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எண்ணெயின் உராய்வால் வெப்பமாக்கி வெளியேற்றுகிறது. அலையலையாகக் கிடக்கும் சரளைப் பாதையில் மணிக்கணக்காக ஓடினால் எண்ணெய் கொதிக்கச் சூடேறி நுரைக்கும். அடக்கும் சக்தி குன்றும். மூன்று டன் வண்டியை நெடுந்தூரம் அப்பாதையில் ஓட்டுபவர், பருத்த உடலும் மிகுந்த எண்ணெயும் கொண்ட நல்ல ஷாக்குகளுக்குச் செலவிடுவது நியாயமான செலவு. ஐந்தாவதாகத்தான் உயரம். அதுவும் இரண்டு அங்குலத்துக்குள். உயர்த்திய அன்றே பிரேக் குழாய்கள், ஏ.பி.எஸ். கம்பிகள், அச்சுத் தண்டுகளின் கோணம், சக்கரக் கோணங்கள், முகவிளக்கின் நோக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வண்டியைத் தூக்கி, சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்திருந்தால், எங்கள் குழாயின் குறை பட்டறையிலேயே வெளிப்பட்டிருக்கும். பத்து நிமிட வேலை!

இன்னொன்றும் கூற வேண்டும். இந்த வண்டிகளைச் செய்தவர்கள் அறிவிலிகள் அல்லர். வளைவில் உடல் சாயாமலிருக்க இரு சக்கரங்களையும் இணைக்கும் கம்பி ஒன்று உண்டு. சாலையில் அது நண்பன். பாறையில் சக்கரத்தை இறங்கவிடாத பகைவன். இந்தச் சிக்கலைத் தீர்க்க ஆஸ்திரேலியாவில் பிறந்த ஓர் எண்ணெய் அழுத்த முறையை டொயோட்டாக்காரர்கள் 2007-இல் வந்த லேண்ட் க்ரூஸர் 200-இன் சில வகைகளில் அமைத்தார்கள். சாலையில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கரடான இடத்தில் தானே விட்டுவிடும். 1990-களின் தொடக்கத்திலேயே ரேஞ்ச் ரோவரில் காற்று ஸ்பிரிங்குகள் வந்தன. வேண்டும்போது உயரலாம், சாலையில் தாழலாம். கோளாறு வரும் என்று அஞ்சி இவற்றைக் கழற்றி எறிந்து சாதாரணச் சுருளை மாட்டுபவர் பலர். பழுது பார்ப்பவர் இல்லாத தொலைவில் வாழ்பவருக்கு அந்த அச்சம் நியாயமே. ஆனால் நகரத்தில் இருந்துகொண்டு, வேண்டும்போது மட்டும் உயரும் வண்டியை, என்றென்றும் உயர்ந்தே நிற்கும் வண்டியாக்குவது முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை.

“என் வண்டி, என் பணம், உனக்கென்ன?” என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் அன்று குன்ஸும் இறக்கத்தில் பணம் கொடுத்தவர் வண்டியில் இல்லை. இருந்தவர்கள் நாங்களும், மாதச் சம்பளத்துக்கு ஓட்டும் அந்த மனிதரும். எதிரே முப்பது பேரோடு ஒரு பேருந்து ஏறி வந்திருக்கக்கூடும். சாலையில் இறங்கிய வண்டி, உரிமையாளருக்கு மட்டும் சொந்தமான பொருள் அன்று.

சட்டமும் இதில் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆயினும் என்ன காண்கிறோம்? மாற்றங்கள் நிற்கவில்லை; மறைவில் நடக்கின்றன. மறைவில் நடப்பதால் அளவும் இல்லை, சோதனையும் இல்லை, பொறுப்பும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே பாலைவனத்தைக் கடப்பது பலருக்கு வாழ்க்கைத் தேவை. சிறிதளவு உயர்த்துவதற்குச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு மேல் போனால், அங்கீகாரம் பெற்ற பொறியாளர் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். நம் நாட்டிலும் அப்படி ஒரு வாயில் திறக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. புனேயிலும், மானேசரிலும், பீதம்பூரிலும், நம் ஒரகடத்திலும் வாகனச் சோதனை நிலையங்கள் இருக்கின்றன. கருவிகள் உள்ளன, அறிஞர்கள் உள்ளனர். உயர்த்தும் அளவுக்கு ஓர் எல்லை, பிரேக்குக்கும் சாய்வுக்கும் ஒரு சோதனை, செய்த பட்டறையின் பெயரும் சோதித்த பொறியாளரின் கையெழுத்தும் பதிவுச் சான்றில் ஏறுவதற்கு ஓர் இடம். இம்மூன்றும் இருந்தால் போதும். முழுத் தடையும் வேண்டா; முழுக் கட்டவிழ்ப்பும் வேண்டா. கையெழுத்திடும் கை நடுங்க வேண்டும். அப்போதுதான் குழாயின் நீளம் நினைவுக்கு வரும்.

அந்தக் கையெழுத்தை நாளை இடப்போகிறவர்கள் யார்? இன்று நம் விடுதியில் தேநீர் குடித்துக்கொண்டு அங்குலக் கணக்குப் பேசும் நீங்கள்தாம். பாஜா போட்டிக்கு இரவெல்லாம் விழித்து வண்டி கட்டும் நண்பர்களை நான் அறிவேன். சக்கரம் எவ்வளவு இறங்குகிறது, எங்கே தட்டுகிறது, எந்தக் கை வளைகிறது என்று தரையில் படுத்து அளக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. நானூறு ரூபாய்க் குழாயையும் நாலு லட்ச ரூபாய் ஸ்பிரிங்கையும் ஒரே கவனத்தோடு பார்க்கும் அந்தக் கண், பட்டப் படிப்பு முடிந்ததும் மங்கிவிடலாகாது. பெரிய மனிதர் ஒருவர் வந்து, “இன்னும் இரண்டு அங்குலம் தூக்கு, பார்க்க நன்றாக இருக்கும்” என்று பணத்தை நீட்டும்போது, “முதலில் எடை பார்ப்போம், ஐயா” என்று சொல்லும் துணிவு வேண்டும். தொழிலின் மானம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

மனாலி வந்து சேர்ந்த இரவு, ஓட்டுநருக்கு நன்றி சொல்லச் சென்றோம். அவர் வண்டியின் அருகே குந்தியிருந்தார். புதுக் குழாயை மாட்டிவிட்டு, ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, குழாய் தளர்வாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார், மீண்டும் முதற்பக்கம் பார்த்தார். பிறகே எழுந்தார். எந்தக் கல்லூரியிலும் படியாத அந்த மனிதர் செய்து காட்டியதை, பட்டம் பெறப்போகும் நாம் ஒரு நாளும் மறக்கலாகாது.